கிழங்கில் ஓடிய நீல நரம்பு

இடுப்பு கழன்று, அது தனியாகப் பின்னால் ஓடிவருவது போல இருந்தது இபேசிம்முக்கு. பைக்கை ஓட்டியது அவன். பின்னால் உட்கார்ந்திருந்தது உகோமா மேடம். சாலை என்ற பெயரில் கிடந்தது வெறும் செம்மண் பள்ளம். விடிந்ததிலிருந்து வயிற்றில் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவன் லாரியில் மூட்டை ஏற்றிப் பிழைத்த காலத்தில், அந்தக் கஞ்சப் பயல் முதலாளிகூட காலையில் இரண்டு பயறு வடை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் முதுகில் சுமையை வைப்பான். துப்பறியும் தொழிலில் அந்த நியாயம்கூட இல்லை.

"மேடம், நான் செத்துட்டா அந்தக் கேஸையும் நீங்களேதான் துப்பறியணும்."

"பசியால செத்தான்னு ஒரு வரி எழுதி மூடிடுவேன்யா. வண்டிய நிறுத்து."

ஒகுவேலே மகளிர் அரவை மில் என்பது நாலு தூணும் இடுப்பளவு சுவரும் ஒரு தகரக் கூரையும்தான். வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே தோலுரித்த மரவள்ளிக் கிழங்கு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது. அரைக்க எஞ்சின் இல்லை. அரைத்துப் பிழிந்து வறுத்தால்தான் அது காரி மாவு. இல்லாவிட்டால் நாளைக்கு ஆட்டுத் தீவனம்.

ஒரு பெண் ஓடிவந்தாள். இவர்களை வரவழைத்த அடாகு. மில்லின் இரவுக் காவல்காரன் ஒகேசி இவளுடைய தம்பி.

"அக்கா, வந்துட்டீங்களா! ஆறு மணிக்கு வண்டியாம். என் தம்பிய டவுன் ஜெயிலுக்கு ஏத்தப் போறாங்களாம்."

"மூச்சு விட்டுட்டுச் சொல்லு. முதல்லேர்ந்து."

அடாகு சொன்னாள். இன்று காலை பெண்கள் வந்து எஞ்சின் மேலே போர்த்தியிருந்த தார்ப்பாயைத் தூக்கியிருக்கிறார்கள். உள்ளே எஞ்சின் இல்லை. கவிழ்த்து வைத்த ஒரு கூடைதான் இருந்தது. கூச்சல் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஓசோ பட்டம் கட்டிய பெரியவர் இலோகா போலீஸ் சாவடிக்குப் போய்ச் சாட்சி சொல்லிவிட்டார்: 'இன்னிக்கு விடியக்காலைல ஒகேசி எஞ்சினைத் தள்ளுவண்டில வச்சுத் தள்ளிட்டுப் போனான். என் கண்ணால பார்த்தேன்.'

"ஓசோ தொப்பி போட்டவர் பொய் சொல்ல மாட்டார்னு ஊரே நம்புது அக்கா. நானே நம்பிடுவேன் போல. ஆனா என் தம்பிக்கு ஒரு மூட்டை காரியத் தூக்கவே ரெண்டு பேர் வேணும்."

"வண்டி ஏறினா என்ன ஆகும்?"

"எங்க பக்கத்து வீட்டுப் பையன் இப்படித்தான் ஏறினான். அவன் போனப்ப வயித்துல இருந்த பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் போகுது. அவன் வழக்கு இன்னும் கூப்பிடல."

எஞ்சின் இருந்த சிமென்ட் மேடை மீது ஓர் ஆள் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டை. டவுன் சந்திப்பில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஜெரோம். இந்த எஞ்சினைப் பழுது பார்ப்பவன் அவன்தான்.

"எனக்குக் கையே ஓடல மேடம்," என்றான் எழுந்து. "பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்ட எஞ்சின். பாவம், இந்தப் பொம்பளைங்களுக்காக என் பட்டறைல இருக்கற பழைய எஞ்சின வாடகைக்குத் தர்றேன்னு சொல்லிட்டிருக்கேன்."

"புண்ணியவான்," என்றான் இபேசிம். "பிள்ளை போன அன்னிக்கே வாடகைப் பிள்ளையா?"

ஜெரோம் சிரித்தான். "அண்ணனுக்கு வாய் ஜாஸ்தி."

"வயிறு காலி. அதான் எல்லாம் வாய் வழியா வருது."

உகோமா இருவரையும் கவனிக்கவில்லை. மேடை முன்னால் குந்தியிருந்தாள். சிமென்டிலிருந்து நாலு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு போல்ட்டிலும் அதனதன் நட் திரும்ப மாட்டி, விரலால் இறுக்கியிருந்தது.

"இதை யாராவது தொட்டீங்களா?"

"இல்லக்கா. கூடைய எடுத்ததோட சரி."

"ஓஹோ." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "நேத்து மில் ஓடலையே?"

"நேத்து எக்கே ஆச்சே!" அடாகுவுக்கு இந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. நாலு நாள் சந்தை வாரத்தில் எக்கே அன்று ஒகுவேலேயில் ஒருவரும் மண்ணில் இரும்பு வைப்பதில்லை. அன்று மண்ணைக் கொத்துவது தாயின் வயிற்றைக் கொத்துவது. வயல் பக்கம் காலடிகூடப் படாது. மில்லும் ஓடாது; அதற்கு முந்தின ராத்திரி காவலும் கிடையாது.

பைக்கில் ஏறும்போது உகோமா குரலைத் தாழ்த்தினாள். "யோவ் இபே. விடியக்காலைல எஞ்சினத் தூக்கிட்டு ஓடறவன், இன்னும் கொஞ்ச நேரத்துல பொம்பளைங்க வந்துடுவாங்கன்னு தெரிஞ்சவன், நின்னு நிதானமா கூடைய வச்சு தார்ப்பாயைப் போர்த்துவானா?"

"மாட்டான்."

"கூடை யாருக்குத் தேவை? ஒரு பகல் முழுக்க எஞ்சின் அங்க இருக்கற மாதிரி காட்ட வேண்டியவனுக்கு."

இபேசிம்முக்கு முதுகு சில்லென்றது. பசியாகவும் இருக்கலாம்.

*

ஓசோ இலோகாவின் வீட்டு வாசலில் இரும்புக் கேட். உள்ளே சுவரோரம் ஈரச் சாக்கு போர்த்திய ஒரு குவியல். பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். தலையில் சிவப்புத் தொப்பி, அதில் ஒரு கழுகு இறகு. எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடியவில்லை என்று இபேசிம்முக்குத் தோன்றியது. ஒரு கை இடுப்பின் பின்னால் முட்டுக்கொடுத்திருந்தது. இடுப்புக்காரனை இடுப்புக்காரனுக்குத் தெரியும்.

"போலீஸ்ல சொல்லிட்டேன்," என்றார் எடுத்த எடுப்பிலேயே.

"எனக்கும் ஒரு தடவை சொல்லுங்கய்யா. நானும் ஒரு காலத்துல அந்தச் சட்டைய போட்டவதான்."

"விடியறதுக்கு முன்னாடி கிழங்கு பிடுங்கப் போனேன். பாதையில ஒகேசி போனான். தள்ளுவண்டில எஞ்சின். அவ்வளவுதான்."

"இருட்டுல முகம் தெரிஞ்சுதா?"

"நடை தெரிஞ்சுது."

"எஞ்சினோட நடந்தா எனக்கே என் நடை தெரியாதே ஐயா," என்றான் இபேசிம்.

பெரியவர் அவனைப் பார்த்தார். "இந்த ஆளு யாரு?"

"என் உதவியாளர். வாயில பிரேக் கிடையாது, மன்னிச்சுக்கங்க." உகோமா சாக்குக் குவியலைக் காட்டினாள். "அந்தக் கிழங்குதானா?"

"அதேதான். மாவு ஆலை லாரி வரணும். வழியில அச்சு முறிஞ்சு நிக்குதாம்."

"இவ்வளவையும் இன்னிக்கு ஒரு காலைலயா?"

"பின்ன?"

"கூலியாள்?"

"வரல. நானே பிடுங்கினேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் உண்மை இருந்தது.

உகோமா குவியல் பக்கம் போய்ச் சாக்கின் ஓரத்தைத் தூக்கினாள். கிழங்குகள் மேலே ஈர மண் அப்பிப் புத்தம் புதிதாகத் தெரிந்தன. "நல்ல விளைச்சல். ஒண்ணு உடைச்சுப் பார்க்கலாமா?"

"விலை பேசின சரக்கும்மா அது!" பெரியவர் பாதி எழுந்து, இடுப்பு பிடித்து, மறுபடி விழுந்தார். "கை வைக்காத!"

"சரிங்கய்யா, சரி."

அதன்பின் அவள் வேலையே இல்லாதவள் போல நின்றாள். வெயிலைப் பற்றிப் பேசினாள். அவருடைய ஆட்டைப் பற்றி விசாரித்தாள். கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லாதபோதும் போகவில்லை. பெரியவர் கண் இரண்டு தடவை வீட்டுக்குள் போய், இரண்டு தடவையும் வெறுமனே திரும்பி வந்தது.

"அப்ப நாங்க வர்றோம்," என்றாள் கடைசியில்.

கேட்டைத் தாண்டியதும் கேட்டாள். "என்ன தரல, கவனிச்சியா?"

"சோறு தரல."

"கோலாக் கொட்டை தரல இபே. பட்டம் கட்டின மனுஷன். வீட்டுக்கு எதிரி வந்தாலும் ஒரு கொட்டைய எடுத்து, முன்னோரக் கூப்பிட்டு உடைச்சுக் கொடுத்துட்டுத்தான் சண்டை போடணும். நான் நின்னு நின்னு பார்த்தேன். உள்ள வச்சுக்கிட்டே தரல."

"கஞ்சனா இருப்பார்."

"கஞ்சன்கூடக் கொட்டையக் கொண்டுவந்து காட்டிட்டு எடுத்துட்டுப் போவான். இவரால உடைக்க முடியல. கை அழுக்கா இருக்கு."

"கழுவிக்கலாமே?"

"கழுவினா போற அழுக்கு இல்ல."

*

பனைமரத்து நிழலில் இபேசிம் பைக்கை நிறுத்தினான். சட்டைக்குள்ளிருந்து முழங்கை நீளத்தில் ஒரு கிழங்கை உருவினான்.

"இது என்னய்யா?"

"விலை பேசாத சரக்கு." பாதி சிரிப்பு, பாதி வெட்கம். "நீங்க ஆட்டைப் பத்திப் பேசினப்ப சாக்குக்கு அடியில கைய விட்டேன். சுட்டுத் தின்னலாம்னு. பசி மேடம். மூட்டை தூக்கினவனுக்குப் பசி வந்தா சட்டம் கண்ணுக்குத் தெரியாது."

கிழங்கை முழங்காலில் வைத்துப் படக்கென்று முறித்தான். முகர்ந்து பார்த்தான். முகம் சுருங்கியது. "அட சீ! பட்டத்துக்காரர் வீட்டுச் சரக்கு இப்படியா? கெட்டுப்போக ஆரம்பிச்சிருக்கு." எறியக் கையை ஓங்கினான்.

அவன் மணிக்கட்டை உகோமா பிடித்தாள். "எறிஞ்சே, உன் கைய முறிப்பேன்."

முறிந்த பக்கத்தை வெயிலுக்குத் திருப்பினாள். மேலே பழுப்புத் தோல். அதன் கீழே இளஞ்சிவப்புப் பட்டை. உள்ளே வெள்ளைச் சதை. நட்ட நடுவில் விறைத்த ஒரு நார். எல்லாம் எந்த மரவள்ளியிலும் இருப்பதுதான். ஆனால் பட்டைக்கு உள்பக்கமாகச் சதையின் ஓரத்தில் வட்டம் கட்டினாற்போல் நீலப் புள்ளிகள். கத்தியால் நெடுக்காகக் கீறினாள். புள்ளிகள் கோடுகளாயின. தண்டிலிருந்து பிடுங்கிய முனைக்குப் பக்கத்தில் அடர்நீலம். வால் பக்கம் போகப் போக மங்கல்.

"இது என்னன்னு தெரியுதா?"

"நீல நரம்பு. எங்க அம்மா இதப் பார்த்தா தூக்கிப் போட்டுடுவாங்க."

"கிழங்குன்னு சொல்றோம், ஆனா இது வேர். மண்ணுலேர்ந்து தண்ணிய உறிஞ்சித் தண்டுக்கு ஏத்தின குழாயெல்லாம் இந்த வெள்ளைக்குள்ளதான் ஓடுது. பிணத்துல ரத்தம் கட்டி நீலம் பாரிக்கிற மாதிரி, மண்ண விட்டு வந்த வேர்ல முதல்ல நீலம் பாரிக்கிறது அந்தக் குழாய்ங்கதான். பிடுங்கறப்ப முறிஞ்ச முனையிலேர்ந்து ஆரம்பிச்சு உள்ள ஓடும். அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும், சொல்லு."

இபேசிம் யோசித்தான். பசி கொஞ்சம் விலகி நின்றது. "காலைல பிடுங்கினது சாயங்காலம் பால் மாதிரி இருக்கும். ஒரு ராத்திரி தாண்டணும்... மேடம்! அப்ப இது இன்னிக்குப் பிடுங்கினதே இல்ல!"

"நேத்து."

"நேத்து எக்கே!"

"கத்தாத."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு விரல்களுக்கு நடுவே பேசினான். "ஓசோ பட்டம் கட்டினவர் எக்கேல மண்ணத் தோண்டினாரா? தெரிஞ்சா தொப்பியக் கழட்டிடுவாங்களே! அதான் கொட்டை உடைக்கல. மேடம், அப்ப திருடன் இவர்தான்! யாரும் வயலுக்கு வராத நாளாப் பார்த்து எஞ்சினத் தூக்கி, கிழங்கு பிடுங்கற சாக்குல..."

"பொய் சொல்றார்னு இந்தக் கிழங்கு சொல்லுது. திருடினார்னு சொல்லல." உகோமா இரண்டு துண்டுகளையும் கைக்குட்டையில் சுற்றினாள். "வயலப் பார்ப்போம்."

"என் சாப்பாடு?"

"இப்ப அது சாட்சி."

*

பெரியவரின் வயல் பாதைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மரவள்ளி நின்றது. மறுபக்கம் பிடுங்கிய இடம்: குழிகள், உதிர்ந்த இலை, வெட்டிச் சாய்த்த தண்டுகளின் குவியல். ஒற்றை ஆள், அவசரமாக, வலியோடு செய்த வேலை. இபேசிம் அந்தக் குழிகளைப் பார்த்த மாத்திரத்தில் அவன் இடுப்பு தானாகப் பெரியவர் கட்சிக்குப் போனது.

"இந்த வயசுல தனியா இதப் பண்ணியிருக்கார். பாவி மனுஷன்."

உகோமா மூலையில் நின்றிருந்தாள். சுற்றிலும் குழியாகக் கிடக்க, அங்கே மட்டும் ஒரு மேடு அழகாகக் கூட்டி, அதில் மூன்று மரவள்ளிக் குச்சிகள் நட்டிருந்தன.

"பிடுங்கின நிலத்துல உடனே நடறது சகஜம்தானே?" என்றான் இபேசிம்.

"சகஜம்தான். ஆனா ஒரே ஒரு மேடா?"

அவள் போனை எடுத்து மேட்டைப் பக்கத்தில் போய்ப் படம் பிடித்தாள். ஒரு குச்சியை உருவினாள். இரண்டு முனையையும் கத்தியால் சீவிப் பார்த்தாள். மேல் முனையில் தடித்த கட்டை; நடுவில் பஞ்சு போல மெல்லிய நெட்டி. மண்ணுக்குள் இருந்த முனையில் கட்டை மெலிந்து, நெட்டி விரல் அகலத்துக்கு வெள்ளையாகப் பூரித்திருந்தது. "ம்" என்றாள். குச்சியைப் பைக்குள் வைத்தாள்.

"என்ன மேடம்?"

"தோண்டு."

"என் இடுப்பு..."

"இடுப்பால தோண்டச் சொல்லல. கையால."

முழங்கை ஆழம் போவதற்குள் பிளாஸ்டிக் காகிதம் தட்டுப்பட்டது. அதற்குள் இரும்பு. எஞ்சின் சக்கரத்தின் விளிம்பைத் தொட்டதும் இபேசிம் உட்கார்ந்துவிட்டான்.

"சொன்னேன்ல மேடம். அவர் நிலம். அவர் குழி. நான் சொன்னா யார் கேக்கறாங்க?"

"நீ சொன்னத நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன். போய் சார்ஜன்டக் கூட்டிட்டு வா. பெரியவரையும் கூட்டிட்டு வா." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வண்டிக்கு அதிக நேரமில்லை. "அந்த மெக்கானிக்கையும் கூப்பிடு. இது மில்லோட எஞ்சின்தானான்னு அடையாளம் சொல்ல ஆள் வேணும்."

*

சார்ஜன்ட் எஃபியோங் குழியை எட்டிப் பார்த்துவிட்டு நீளமாக ஒரு விசில் அடித்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பட்டத்துக்காரரின் கையில் விலங்கு மாட்டுகிற போலீஸ்காரனை இந்த ஊர் நீண்ட நாள் மறக்காது.

"இதே எஞ்சின்தான்," என்றான் ஜெரோம். தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயாவா இப்படி? என்னால நம்பவே முடியல."

பெரியவர் ஜெரோமை ஒரே ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாகப் பயம் இருந்தது.

"சார்ஜன்ட், ஒரு நிமிஷம்," என்றாள் உகோமா. "தோண்டறதுக்கு முன்னாடி எப்படி இருந்துதோ அப்படி ஒரு படம் வேணும். கோர்ட்ல கேப்பாங்க. மண்ணத் தள்ளிடலாம். ஆளுக்கு ஒரு குச்சி நட்டுடுங்க."

"இப்பவா மேடம்?"

"வண்டி ஆறு மணிக்குத்தானே?"

இபேசிம் மண்ணைத் தள்ளினான். உகோமா முதல் குச்சியைச் சார்ஜன்டிடம் நீட்டினாள். முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார். கையில் ஒரு சுழற்று. நட்டார். இரண்டாவது பெரியவருக்கு. அவர் குச்சியைப் பார்க்கக்கூட இல்லை. விரல்கள் பட்டதும் அது தானாகத் திரும்பியது. நட்டார். மூன்றாவது ஜெரோமுக்கு. வாங்கினான். வாங்கியபடியே மண்ணில் குத்தினான்.

இபேசிம்முக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மூன்று குச்சியையும் வரிசையாகப் பார்த்தான். பிறகு அவன் தாடை கீழே இறங்கியது.

"சார்ஜன்ட்," உகோமாவின் குரல் மிகச் சாதாரணமாக இருந்தது, "குச்சிய ஏன் திருப்பினீங்க?"

"நீங்கதான் தலைகீழா கொடுத்தீங்களே."

"எப்படித் தெரிஞ்சுது?"

"இது என்ன கேள்வி? கணுவுல கண்ணு கீழ பார்த்துது. எங்க வீட்ல ஆறு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"மூணு பேருக்கும் தலைகீழாத்தான் கொடுத்தேன். ரெண்டு கை திருப்பிடுச்சு. ஒரு கை திருப்பல." போனை நீட்டினாள். "இது நான் வந்தப்ப எடுத்த படம். மூணு குச்சியும் தலைகீழ். சந்தேகமா இருந்தா தண்டை வெட்டியே பாருங்க. அடித்தண்டு கட்டை தடிச்சது, நெட்டி சின்னது. நுனித்தண்டு நெட்டி பெருசு. இங்க பெரிய நெட்டி மண்ணுக்குள்ள இருந்துது. மரவள்ளிக்கு வேர் அடிமுனையிலேர்ந்துதான் விடும். நாப்பது வருஷமா மரவள்ளி போடற இந்த மனுஷன் குடிச்சிருந்தாலும், கண்ணக் கட்டிவிட்டாலும், இப்படி நட மாட்டார்."

"நாசமாப் போச்சு," என்றான் இபேசிம் மெல்ல. அவனுடைய திருடன் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தார்.

ஜெரோம் சிரிக்க முயன்றான். "நான் டவுன்ல வளர்ந்தவன் மேடம். குச்சி நடத் தெரியாதவன் எல்லாம் திருடனா?"

"நியாயமான கேள்வி. அப்ப இன்னொண்ணு கேக்கறேன். எஞ்சினத் திருடறவன் நட்டக் கழட்டி என்ன பண்ணுவான்? விட்டெறிவான். மேடைல நாலு நட்டும் போல்ட்ல திரும்ப மாட்டி இருக்கு. தொலைஞ்சா அப்புறம் தேடணுமேன்னு, தினம் நூறு நட்டுக் கழட்டற கைதான் அப்படிச் செய்யும். அது தன்னால செய்யும். இவர் கை குச்சியத் திருப்பின மாதிரி."

"இதெல்லாம் கதை!" ஜெரோம் பின்னால் ஓரடி வைத்தான். "பார்த்தவன் யாரு? சாட்சி எங்க?"

உகோமா பெரியவர் பக்கம் திரும்பினாள். கைக்குட்டையை விரித்து, முறிந்த கிழங்கை அவர் முன்னால் நீட்டினாள். நீல நரம்பு இப்போது இன்னும் கறுத்திருந்தது.

"ஐயா, நான் ஒண்ணும் கேக்கல. உங்களுக்கே தெரியும். ஒரு பையன் இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி ஏறப் போறான்."

பெரியவர் கிழங்கைப் பார்த்தார். சுற்றி நின்ற வயலைப் பார்த்தார். தொப்பியை அவரே கழற்றினார். அது இல்லாமல் அவர் தலை சிறியதாக இருந்தது.

"எக்கே அன்னிக்குத் தோண்டினேன்," என்றார்.

சார்ஜன்ட் தன்னையறியாமல் அவரை விட்டு விலகி நின்றார்.

"லாரி மறுநாள், ஒரியே அன்னிக்கு விடியறப்ப வருதுன்னாங்க. ஆள் கிடைக்கல. யாரும் வர மாட்டாங்கன்னு தைரியத்துல இறங்கினேன். விடியற நேரம் இவன் தள்ளுவண்டியோட வந்தான். நான் அவனப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். கையில மண்வெட்டி. எங்க ஒளிய? 'ஐயா, நீங்க என்னைப் பார்க்கல, நான் உங்களப் பார்க்கல'ன்னான். ரெண்டு நாள் கழிச்சு எடுத்துக்கறேன்னு என் குழியிலயே புதைச்சான். ஊர் தேட ஆரம்பிச்சா ஒகேசி பேரச் சொல்லணும், இன்னிக்குப் பார்த்ததாச் சொல்லணும்னான். இல்லேன்னா எக்கேய ஊரக் கூட்டிச் சொல்லுவேன்னான்."

"பொய்! கிழவன்..."

ஜெரோம் முடிக்கவில்லை. பாதைப் பக்கம் பாய்ந்தான். பைக்கில் சாவி இருக்கும் என்று நினைத்திருப்பான். சாவி இபேசிம்மின் பையில் இருந்தது. இபேசிம் பாதையில் இருந்தான். மூட்டைக்காரன் மூட்டையைத் தாங்குவது போலக் குனிந்து தோளைக் கொடுத்தான். ஜெரோம் அவன் மேலாகப் புரண்டு மரவள்ளிக் குழி ஒன்றில் தலைகுப்புற விழுந்தான்.

"மேடம்," இபேசிம் நிமிர முடியாமல் அப்படியே கத்தினான், "இவனையும் தலைகீழாத்தான் நட்டிருக்கேன். பரவாயில்லையா?"

*

சாவடி வாசலில் வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒகேசிக்குப் பதில் ஜெரோமை ஏற்றிக்கொண்டு போயிற்று. அடாகு தம்பியைத் தாங்கிப்பிடித்து வெளியே கூட்டிவந்தாள். அவன் மெலிந்த ஆள். வலது கை மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வீங்கி, கை என்று சொல்ல முடியாத உருவத்தில் தொங்கியது. சார்ஜன்ட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள விசாரிச்சிருக்காங்க," என்றாள் அடாகு. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ஓசோ இலோகா வாசலிலேயே நின்றிருந்தார். தொப்பி கையில் சுருண்டிருந்தது. நாளை ஊர் கூடும். தொப்பி போகும். மண்ணுக்கு ஆட்டுக் கிடா வெட்டிக் கழுவாய் செய்யச் சொல்வார்கள். எல்லாம் அவருக்குத் தெரியும்.

"தம்பி," என்றார். "மண்ணுக்குச் செய்ய வேண்டியத நான் செஞ்சுடுவேன்."

ஒகேசி கத்துவான் என்று இபேசிம் எதிர்பார்த்தான். அவன் கத்தவில்லை.

"மண்ணுக்குக் கொடுக்கறத மண்ணு வாங்கிக்கும் ஐயா. எனக்கு?" வீங்கிய கையைத் தூக்கிக் காட்டினான். "என் நிலத்துல கிழங்கு நட இன்னும் ஒரு மேடுகூடப் போடல. மழை தலைக்கு மேல நிக்குது. இந்தக் கையால மண்வெட்டியப் பிடிக்க முடியாது. என் பொண்டாட்டி வயித்துப் பிள்ளைக்காரி. யார் போடுவா?"

"ஆள் விட்டுப் போடச் சொல்றேன்."

"ஆள் வேணாம். தனியா இறங்கித் தோண்டத் தெரியும்னு காட்டிட்டீங்கல்ல. எக்கே அன்னிக்கு வந்த இடுப்பு மத்த நாள்லயும் வரட்டும்."

அடாகு கையை வாயில் வைத்தாள். பட்டம் கட்டிய மனிதரை இரவுக் காவல்காரன் ஒருவன் இப்படிக் கேட்டு யாரும் கேட்டதில்லை. பெரியவர் கையிலிருந்த தொப்பியை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். கடைசியில் தலையை ஆட்டினார். சரி என்றா, பார்க்கலாம் என்றா, சொல்ல முடியாத ஓர் ஆட்டல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தார்.

"வருவாரா மேடம்?" என்றான் இபேசிம்.

உகோமா பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். கிழக்கே மேகம் கட்டியிருந்தது. ஒகேசியின் நிலம் கொத்தாமல் கிடந்தது. அந்த நிலத்தின் இந்தப் பருவத்து மேடு முழுவதும் ஓசோ இலோகா ஒகேசிக்குப் பட்ட கடன். இன்னும் ஒரு வெட்டுகூடத் தீரவில்லை.